ஸ்பேனருக்குப் போட்ட துண்டு

எனக்கு ஜீப்பில் ஏறினால் வாந்தி வரும், ஐயா. நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். கூடலூரே சிரித்து ஓய்ந்த விஷயம்தான் இது. இருபது வருஷமாக ஜீப்புக்கு வைத்தியம் பார்க்கிற ஒர்க்‌ஷாப் சங்கரலிங்கம், குமுளிக்குப் போக வேண்டுமென்றால் பஸ்ஸுக்குக் காத்து நிற்பான். அதிலும் கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும். ஜீப் ஸ்டாண்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக் காட்டுவார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் கோபக்காரன் இல்லை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கு ஞாபகம் இருக்காது.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு வண்டி ஓட்ட டிரைவர் உண்டு. அதனால் ஆக்சில் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பின் சக்கரத்தைத் தாங்கிச் சுற்றுகிற இரும்புத் தண்டுதான் ஆக்சில். பழைய ஜீப்பில் தண்டு தனி, சக்கரம் மாட்டுகிற ஹப் தனி. தண்டின் நுனியில் ஹப்பைச் செருகி, இடுக்கில் விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டை வைத்து, மேலே ஒரே ஒரு நட்டைப் போட்டு முறுக்கியிருப்பார்கள். ஆறு பேர் உட்கார்ந்து கலெக்டர் ஆபீசுக்குப் போக அது போதும். நம் ஊரில் அப்படியா? ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிற பெண்கள் உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தியாக, ஆண்கள் பின்னால் தொங்கிக்கொண்டு, மேலே சாக்கு மூட்டை. குமுளி தாண்டினால் தோட்டப் பாதை. அதற்குப் பாதை என்று பெயர் வைத்தவன் அதில் போயிருக்க மாட்டான். பாறையும் சேறும்தான். அந்தக் குலுக்கலில் ஹப் ஆடும், தண்டு நுனியில் முறியும், சக்கரம் பிரேக் டிரம்மோடு கழன்று ஜீப்பை முந்திக்கொண்டு ஓடும். வருஷத்துக்கு எத்தனை பேருக்குக் கை கால் போயிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதை நிறுத்தியவன் நான். கர்வமாகச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம், மதுரையில் பழைய இரும்புக் கடையில் ராணுவம் கழித்துப் போட்ட பெரிய வண்டிகளின் ஆக்சில் குவியலைப் பார்த்தேன். அதில் தண்டும் சக்கரத் தட்டும் ஒரே இரும்பு. பிரிகிறதற்கு அங்கே எதுவும் கிடையாது. அதை வாங்கிக் கோயம்புத்தூரில் ஜீப் அளவுக்கு அறுத்து, பல் வெட்டிப் பதம் ஏற்றிக் கொண்டுவந்தேன். அது போதாதென்று தண்டு வெளியே உருவிக்கொண்டு வராமலிருக்க, கட்டை விரல் கனத்தில் ஒரு தட்டு செய்து நான்கு போல்ட்டுப் போட்டுப் பிடித்தேன். அதற்குக் காவல் தட்டு என்று நானே பெயர் வைத்தேன். ஊரார் சங்கரலிங்கம் தட்டு என்று கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன், யாரும் கூப்பிடவில்லை. ராத்திரி சாப்பாட்டின்போதும் அதைப் பற்றியே பேசுவேன். என் மனைவி சொர்ணலதா சாதத்தைப் போட்டுக்கொண்டே, "பேசாம அந்த ஆக்சிலுக்கே தாலி கட்டியிருக்கலாம்ல நீங்க" என்பாள். யோசித்துப் பார்த்தால் அது எல்லாருக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

முதலில் பலவேசம் ஜீப்புக்குப் போட்டேன். பிறகு பொன்னுராஜ் ஜீப்புக்கு. அந்த மழைக்காலம் முழுக்க அவர்கள் வண்டியில் ஒரு சக்கரம்கூடக் கழலவில்லை. பார்த்துவிட்டு மற்றவர்களும் வந்தார்கள். ஒச்சாண்டி மட்டும் வரவில்லை.

ஒச்சாண்டியை நீங்கள் பிணமாகத்தான் பார்த்திருப்பீர்கள். உயிரோடு பார்த்திருக்க வேண்டும். ஸ்டாண்டில் அவன் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவனும் நிறுத்திவிட்டுக் கேட்பான். நல்ல டிரைவர். நல்ல மனுஷன் என்றும் சொல்கிறார்கள், இருக்கலாம். அவனுக்கு மிதியில் நம்பிக்கை.

மிதி என்றால் இதுதான். மலை ஏறுவதற்கு முன்னால் ஆலமரத்தடியில் கருப்பசாமி பீடம் இருக்கிறதல்லவா, அங்கே எல்லா ஜீப்பும் நிற்கும். டிரைவர் இறங்கிச் சூடம் கொளுத்திவிட்டு, வீல் ஸ்பேனரை எடுத்து நாலு சக்கரத்திலும் ஒவ்வொரு நட்டுக்கும் மாட்டி, காலால் ஒரு மிதி மிதிப்பான். ஸ்பேனரின் பிடி மலையைப் பார்த்திருக்க வேண்டும். ஊரைப் பார்க்கக் கூடாது. ஒரு நட்டுக்கு ஒரே மிதி. இரண்டாவது மிதித்தால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தமாம். வேடிக்கை என்னவென்றால் இது வெறும் சம்பிரதாயம் இல்லை, இதற்குள் கணக்கு இருக்கிறது. ஜீப்பில் வலது பக்கச் சக்கரத்து நட்டுக்கு வலது மரை, வலப்பக்கம் திருகினால் இறுகும். இடது பக்கத்துக்கு இடது மரை, இடப்பக்கம் திருகினால் இறுகும். எந்தப் பக்கமானாலும் பிடியை வண்டியின் முன்பக்கம் வைத்து மிதித்தால் நட்டு இறுகும். பின்பக்கம் வைத்து மிதித்தால் கழலும். எவனோ விஷயம் தெரிந்தவன் சொல்லிவிட்டுப் போனதைச் சாமி கணக்கில் எழுதிவிட்டார்கள்.

என் புது ஆக்சிலில் சக்கரம் மாட்டுகிற போல்ட்டும் புதிது. பலவேசத்துக்குப் போடும்போது இடது மரை போல்ட்டு கையில் இல்லை. இரண்டு பக்கமும் வலது மரையே அடித்துவிட்டு அவனை நிற்கவைத்துச் சொன்னேன்: "இந்தா பாரு பலவேசம், இடது பக்கப் பின் சக்கரத்துக்கு மட்டும் ஸ்பேனரு ஊரைப் பாக்கணும். மறந்துறாத." அந்தச் சக்கரத்தில் சிவப்புப் பெயிண்டும் அடித்துவிட்டேன். அவன் பீடத்தடியில் ஸ்பேனரைத் திருப்பி வைத்ததும் ஒச்சாண்டி பிடித்துக்கொண்டான். "ஏலே பலவேசம், போகும்போதே திரும்பி வர்றதுக்குச் சாமி கும்புடுறியா? அண்ணாச்சி ஆக்சிலு மலையேற மாட்டேங்குதோ?" என்றானாம். ஸ்டாண்டே சிரித்திருக்கிறது. பலவேசம் என்னிடம் வந்து அழாத குறை. மதுரைக்கு ஆள் அனுப்பி ஒரு டப்பா நிறைய இடது மரை போல்ட்டு வரவழைத்து அவனுக்கு மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த ஜீப்புக்கெல்லாம் இடது பக்கம் இடது மரைதான் அடித்தேன். யார் மனதும் நோகக் கூடாது என்பது என் பழக்கம்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. ஸ்டாண்டில் பெரிய விசேஷம். குழல் ரேடியோ, பொரிகடலை, வாழைமரம் எல்லாம் உண்டு. அந்த வருஷம் ஒரு விபத்தும் இல்லை என்பதால் ஒருவருக்கு மரியாதை செய்யப் போகிறார்கள், பட்டுக்கரைத் துண்டு எடுத்திருக்கிறார்கள் என்று பொன்னுராஜ் என்னிடம் ரகசியமாகச் சொன்னான். நான் காலையிலேயே தலைக்குக் குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டேன். நகத்துக்குள் இருந்த கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து எடுத்தேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று குளியலறையில் பேசிப் பார்த்தேன். 'எல்லாம் உங்கள் அன்பு' என்று முடிப்பதாக ஏற்பாடு.

ஒச்சாண்டி துண்டைக் கையில் எடுத்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தேன். அவன் திரும்பி, பூஜையில் சந்தனம் குங்குமம் வைத்துச் சாத்தியிருந்த வீல் ஸ்பேனருக்குத் துண்டைப் போர்த்தினான்.

"இந்த வருஷம் ஒரு சக்கரம் கழலலைன்னா அது நம்ம மிதி, கருப்பசாமி கொடுத்த மிதி. அண்ணாச்சியும் ஏதோ ஆக்சிலு மாட்டுனாக. இல்லேங்கல" என்றான்.

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பொரிகடலைப் பொட்டலம் ஒன்று எனக்கும் வந்தது. முதல் பொட்டலம்தான், மரியாதைக் குறைவு என்று சொல்ல முடியாது. ஒரு மனுஷனைப் பார்த்துப் பொறாமைப்பட்டால் ஒரு நியாயம் உண்டு. நான் ஓர் ஒன்றரை முழ இரும்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் சொர்ணலதா என் வெறும் தோளைப் பார்த்துவிட்டு இலையைப் போட்டாள். துண்டு எங்கே என்று அவள் கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஒரு மாதம் போயிருக்கும், ஒச்சாண்டி ஜீப்பை என் ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். பின் ஹப் ஆட ஆரம்பித்திருந்தது. "எனக்கும் உங்க ஆக்சில மாட்டி விடுங்கண்ணாச்சி. வீட்டுல பயப்படுறாக" என்றான். மனசாரச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் எந்த வண்டிக்கும் வேலை செய்ததில்லை. இருந்ததிலேயே நல்ல தண்டாகப் பார்த்து எடுத்தேன். காவல் தட்டின் விளிம்பை அரம் போட்டு வழவழப்பாக்கினேன். அது உள்ளே இருக்கிற சாமான், யாரும் பார்க்கப் போவதில்லை. புது பேரிங், புது சீல். இடது பக்கம் மட்டும் போல்ட்டு அடிக்கும்போது வலது மரையை அடித்துவிட்டேன். அதை அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

எழுதுகிறவரை கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். மறந்துவிட்டேன் என்பது சரியில்லை. சொல்லவில்லை என்று இருக்கட்டும். இடது மரை போல்ட்டு டப்பா என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போகவர இடிக்கிறது என்று காலால் தள்ளி வைத்தேன்.

நான் நினைத்தது ஒரு சின்ன விளையாட்டு. அவன் வழக்கம்போலப் பிடியை மலைப்பக்கம் வைத்து மிதிப்பான். அந்த ஒரு சக்கரத்தில் மட்டும் நட்டு இறுகுவதற்குப் பதிலாக இளகும். ஒரு வளைவு தாண்டுவதற்குள் கடகடவென்று சத்தம் வரும். நிறுத்திப் பார்ப்பான். இறங்கி என்னிடம் வருவான். அப்போது நான் டீக்கடை வாசலில், அத்தனை பேர் முன்னால், பொறுமையாக விளக்கிச் சொல்வேன்: ஒச்சாண்டி, இத்தனை நாள் சக்கரத்தைப் பிடித்து வைத்திருந்தது மரை, உன் மிதி இல்லை. உன் மிதிதான் இன்றைக்குச் சக்கரத்தைக் கழற்றியது. இதையும் குளியலறையில் சொல்லிப் பார்த்தேன். ஆயுத பூஜைப் பேச்சைவிட இது நன்றாக வந்தது.

மறுநாள் விடியற்காலை சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆலமரத்தடிக்குப் போனேன். இந்த வேடிக்கையைப் பார்க்காமல் வீட்டில் இருக்க முடியவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி ஜீப்பில் தார்ப்பாயை இறக்கிக் கட்டியிருந்தார்கள். கங்காணி பஞ்சம்மாள் தன் ஆட்களை இறக்கிக் கால் நீட்ட விட்டிருந்தாள். அவள் மகள் இருளம்மாளும் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தாள். தை மாதம் கல்யாணம், அதுவரைக்கும் நாலு காசு சேரட்டுமே என்று கூட்டிவந்ததாகப் பஞ்சம்மாள் சொன்னாள்.

ஒச்சாண்டி வலது பக்கத்தை முடித்துவிட்டு இடது பக்கம் வந்தான். முன் சக்கரத்துக்கு மிதித்தான். பின் சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டினான். பிடி மலையைப் பார்த்தது. முதல் நட்டு 'டக்' என்று விட்டுக் கொடுத்தது. இரண்டாவதும் அப்படியே. ஐந்து நட்டும். அவன் நிமிர்ந்து சத்தமாகச் சொன்னான்:

"பாத்தீகளா ஆத்தா, நட்டு எம்புட்டு லூசா இருந்துருக்கு! அண்ணாச்சி முறுக்கு அம்புட்டுத்தான். சாமி மிதி இல்லேன்னா இன்னைக்கு நம்ம கதி என்ன?"

ஐயா, அந்த நேரத்தில்கூட நான் வாயைத் திறந்திருப்பேன். அதைச் சொல்லத்தான் ஓரடி முன்னால் போனேன். அவன் அந்த 'அம்புட்டுத்தான்' சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பஞ்சம்மாளுக்கு அவன் பேச்சைக் கேட்டுப் பயம் வந்துவிட்டது. என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நீங்கதான வேலை பாத்தீக? புள்ளைகள ஏத்திக்கிட்டுப் போகலாமா? ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டாள்.

"என் ஆக்சிலு ஒடியாது ஆத்தா" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவள் கும்பிட்டுவிட்டு எல்லாரையும் ஏற்றினாள். ஜீப் போய்விட்டது. நான் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுச் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.

சத்தம் வந்திருக்கிறது. அது எனக்குப் பிறகுதான் தெரியும். பஞ்சம்மாள் ஆஸ்பத்திரியில் சொன்னாள். பின்னால் என்னவோ தட்டுகிறதே என்று பெண்கள் கத்தினார்களாம். ஒச்சாண்டி திரும்பிக்கூடப் பார்க்காமல், "மிதிச்சாச்சு, ஒண்ணும் ஆகாது. பேசாம உக்காருங்க" என்றானாம். இது என் கணக்கில் இல்லை. சத்தம் கேட்டால் மனுஷன் நிறுத்துவான் என்று நினைத்தேன். அவன் மிதியை அவ்வளவு நம்பினான். என் ஆக்சிலை யாராவது அப்படி நம்பியிருந்தால் நான் ஏன் இந்த வேலைக்குப் போகப்போகிறேன்?

மேலிருந்து இறங்கி வந்த லாரிக்காரன்தான் சொன்னான், ஜீப் பள்ளத்தில் போய்விட்டதென்று. பின்னால் வந்த பலவேசம் ஜீப்பில் நானும் ஏறிக்கொண்டேன். அன்றைக்குக் குமட்டல் வரவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பள்ளத்தில் முதல் ஆளாக இறங்கியது நான்தான். அதை எல்லாரும் சொல்கிறார்கள். பஞ்சம்மாள் இன்றைக்கும் நர்சம்மாவிடம், "அண்ணாச்சிதான் உசுரக் கொடுத்து இறங்கி வந்தாக" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறாள். நான் இறங்கியது ஆக்சிலைப் பார்க்க. வழியில் இருளம்மாள் கிடந்தாள். "மாமா, தண்ணி" என்றாள். இந்தா வருகிறேன் தாயி என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். ஜீப் கவிழ்ந்து பின்பக்கம் மேலே தெரிந்தது. தண்டு நேராக இருந்தது. சக்கரத் தட்டில் ஒரு கீறல் இல்லை. சேற்றை விரலால் துடைத்துக் காவல் தட்டைப் பார்த்தேன். நான்கு போல்ட்டும் நான் முறுக்கிய இடத்தில் அப்படியே இருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைப்பதில் என்ன இருக்கிறது? வாழ்க்கையில் இவ்வளவு பெரிய சோதனையை யார் வேலைக்கு யார் வைக்கப் போகிறார்கள்? திரும்பி வந்தபோது இருளம்மாள் தண்ணீர் கேட்கவில்லை. ஒச்சாண்டி ஸ்டியரிங்குக்கு அடியில் போயிருந்தான். இன்னும் இரண்டு பெண்கள்.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. சக்கரம் தனியாக, ஜீப் தனியாகக் கிடந்தால் ஆக்சில் ஒடிந்தது என்று சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். இருபது வருஷமாக அப்படித்தானே ஒடிந்திருக்கிறது? நீங்களும் வந்து பார்த்துவிட்டு, "ஆக்சில் போயிருச்சு, ஓவர்லோடு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நட்டைத் தேடக்கூடச் சொல்லவில்லை. நான் ஒச்சாண்டி சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் தூங்கினேன்.

நேற்று சாயங்காலம்தான் என் தூக்கம் போனது. பலவேசம் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்கிறாதீக அண்ணாச்சி. போலீசே ஆக்சிலு ஒடிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாக. பொம்பளையாளுக ஏற மாட்டேங்குறாக. பழைய ஆக்சிலயே மாட்டி விட்டுருங்க" என்றான். பின்னாலேயே பொன்னுராஜ். எல்லாரும் வரிசையாக வரப் போகிறார்களாம். ஒடியவில்லையப்பா, ஒடியவே இல்லை என்று கத்தினேன். பலவேசம் என் முதுகைத் தடவிக் கொடுத்தான், ஐயா. பைத்தியத்தைத் தேற்றுகிற மாதிரி.

இனி மிச்சம் ஒன்றுதான். இதைச் சொல்லாவிட்டால் நட்டு தானாக இளகியது, முறுக்காமல் விட்டது சங்கரலிங்கம் என்று எழுதிவிடுவீர்கள். அது என் தொழிலுக்கு அவமானம். ஜீப்பை எடுக்க வந்த அன்று ஒச்சாண்டி என்னிடம் கேட்டான். அவனுக்குப் பலவேசம் ஸ்பேனரைத் திருப்பி வைத்தது ஞாபகம் இருந்தது. "அண்ணாச்சி, எனக்கு எப்படி? ஸ்பேனரு ஊரைப் பாக்கணுமா, மலையைப் பாக்கணுமா?" என்று தெளிவாகத்தான் கேட்டான். சிரிக்காமல் கேட்டான்.

"மலையைப் பாத்தே மிதி" என்றேன்.

எழுதிக்கொண்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஜீப் உங்கள் ஸ்டேஷன் பின்புறம்தான் கிடக்கிறது. போய் அந்தத் தண்டை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். அப்புறம் பலவேசத்தையும் பொன்னுராஜையும் கூப்பிட்டு, புது ஆக்சிலைக் கழற்றக் கூடாது என்று நீங்கள்தான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய ஆக்சிலோடு தினமும் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறோம் என்கிறார்கள். மனுஷ உயிரோடு இப்படியா விளையாடுவது, ஐயா?